டைப் மாஸ்டரின் இடதுகை

வரி முடிகிறது. கைலாசத்தின் வலது சுண்டுவிரல் என்டர் பொத்தானை ஒரு போடு போடுகிறது. அதே நொடியில் இடதுகை மேலே எழும்பி, காற்றில் இல்லாத எதையோ பிடித்து, வலப்பக்கமாகத் தள்ளிவிட்டு இறங்குகிறது. அடுத்த வரி. மறுபடி போடு, மறுபடி தள்ளு. பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டுச் சன்னலைப் புதிதாகக் கடக்கிறவர்கள், உள்ளே யாரோ ஈ விரட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். பழகியவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

இந்தப் பழக்கத்துக்கு வயது முப்பத்தெட்டு, கைலாசத்துக்கு ஐம்பத்தேழு. பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் அல்வாக் கடையின் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்து, அங்கேயே மாஸ்டராகிப் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவர். தமிழ் ஹையர் தட்டச்சுப் பரீட்சையில் முதல் வகுப்பு. சான்றிதழ் சாமி படங்களுக்கு நடுவில் தொங்குகிறது. அதற்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் உண்டு. இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அதற்காக அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. பதினாலு மெஷினையும் எடைக்குப் போட்டவரே அவர்தான். ஆனால் மெஷின் போனதே தவிர மணி போகவில்லை. பழைய டைப்ரைட்டரில் வரி முடிய ஆறெழுத்து இருக்கும்போது 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். உடனே வார்த்தையை முடித்து, இடதுகையால், காகிதம் சுற்றிய கேரேஜ் என்கிற உருளையைத் தள்ளி, அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். அந்த மணி இன்றைக்கும் அவர் காதுக்குள் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே அவருக்கு இடப்புறம் ஒரு முழத்துக்கு எதையும் வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் தெரியாமல் பலியானவை இரண்டு காபி டம்ளர், ஒரு மேசைக் கடிகாரம், அப்புறம் ஒரு வேட்பாளரின் மூக்குக்கண்ணாடி. பாவம், அவர் ஓட்டுக் கேட்டு வந்து பாசமாகத் தோளில் கைபோட்டுக் குனிந்திருந்தார். "ஓட்டு கேக்க வந்த மனுசன் மூஞ்சிலயே அடிச்சிட்டியே மாஸ்டர்!" என்று தெருவே சிரித்தது. "நான் இன்னாப்பா பண்றது? வரி முடிஞ்சிட்ச்சி" என்றார் கைலாசம். அந்த வேட்பாளர் தேர்தலில் தோற்றும் போனார்.

காலையில் ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு, பட்டா மாறுதல் என்று ஊரார் மனுக்களை அடித்துக் கொடுப்பது அவருக்குப் பிழைப்பு. சோறு தின்றபின் ஆரம்பமாவது சம்பளமில்லாத உத்தியோகம். பழைய புத்தகங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் போடுகிற ஒரு மின்னூலகத்துக்கு அவர் தொண்டர். அந்த மின்னூலகத்தின் கொள்கை ஒன்றே ஒன்று, வெறும் எழுத்து. தடித்த எழுத்து கிடையாது, சாய்ந்த எழுத்து கிடையாது, படம் கிடையாது, பூப்போட்ட கட்டம் கிடையாது. பிளெயின் டெக்ஸ்ட் என்பார்கள். எந்த ஓட்டைப் போனிலும் திறக்கும், நாளை என்ன மெஷின் வந்தாலும் அதிலும் திறக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த மொட்டைக் கோப்பில் அடிக்கிறவன் தன் இஷ்டத்துக்குச் செய்ய முடிந்த ஒரே காரியம், வரியை எங்கே முடிப்பது என்பதுதான். கைலாசம் அதிலும் இஷ்டத்துக்கு இடம் வைக்கவில்லை. அச்சுப் புத்தகத்தில் வரி எங்கே முடிகிறதோ, அங்கே முடித்தார். அச்சில் வார்த்தை பாதியில் உடைந்திருந்தால் இவரும் உடைத்தார். பதினோரு வருடத்தில் நூற்று நாற்பது புத்தகம்.

அவற்றில் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. மாட்டு வைத்தியம் அடித்திருக்கிறார். அவரிடம் மாட்டைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. முந்நூறு பக்கத் துப்பறியும் நாவல் அடித்திருக்கிறார். கொலைகாரன் யாரென்று கேட்ட நண்பரிடம், "கடைசிப் பக்கத்துல இருக்குது, போய்ப் பாத்துக்கோ" என்றார். "படிக்கறது படிக்கறவன் வேலப்பா, அடிக்கறது என் வேல. படிச்சிக்கினே அடிச்சா கை தப்பு பண்ணும்." இதை அவர் ஒரு குறையாகச் சொல்வதில்லை. மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் சொல்வார்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவி சங்கரி, பாட்டுக்காரி. முன்னறையின் ஒரு பாதியில் இவருடைய கம்ப்யூட்டர், மறு பாதியில் அவளுடைய குழித்தறி. அவள் நெய்துகொண்டே பாடுவாள், இவர் அடித்துக்கொண்டே இருப்பார். இருபத்திரண்டு வருடமாகப் பங்குனி உத்திரத்தன்று தெருக்கோடி முருகன் ஊர்வலத்தில் முன்பாட்டு எடுப்பவளும் அவள்தான். பாட்டு, அந்தத் தெருவிலேயே தறி நெய்த அப்பாதுரை என்பவர் தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் கட்டியது. மொத்தம் நூறு கண்ணி. பக்தி என்றுதான் பெயர். உள்ளே பார்த்தால் கந்தனை நிற்கவைத்து வெளுத்து வாங்கியிருக்கும். உனக்கு ஆறு முகம் இருந்து என்ன, ஒன்றாவது என் வீட்டுப் பக்கம் திரும்பியதா என்கிற மாதிரி. தெருவுக்கு இதில் சங்கடமே இல்லை. உரிமையுள்ளவன் ஏசுகிறான், சாமி கேட்டுக்கொள்ளும் என்பது அவர்கள் கட்சி.

முன்பெல்லாம் சங்கரியும் இன்னும் நாலைந்து பேரும் மனப்பாடமாகப் பாடுவார்கள். மற்றவர்கள் கடைசியில் "அரோகரா" போடுவதோடு சரி. போன வருடம் சங்கரிக்கு ஓர் ஆசை வந்தது. எல்லாரிடமும்தான் போன் இருக்கிறதே, நாற்பது பெண்களும் பார்த்துப் பாடினால் என்ன? பாட்டின் அச்சுப்பிரதி ஒன்றே ஒன்று, பதினாறு பக்கம், கோயில் பீரோவில் இருந்தது. அதை மின்னூலகத்தில் ஏற்றி, வாட்ஸப் குழுவில் அனுப்பும் பொறுப்பைக் கைலாசம் பெருமையாக ஏற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் அதை அச்சடித்தவர் சிக்கனக்காரர். காகிதத்தை மிச்சம் பிடிக்கப் பாட்டை வரிவரியாக விடாமல், கதைப் புத்தகம் மாதிரி ஒரே ஓட்டமாக ஓட்டியிருந்தார். வரி முடிந்தது பாட்டு முடிந்ததால் அல்ல, காகிதம் முடிந்ததால். படிக்கிறவருக்கு இது முதல் பக்கத்திலேயே விளங்கியிருக்கும். கைலாசம்தான் படிப்பதில்லையே. மணி அடிக்க அடிக்கக் கேரேஜைத் தள்ளிக்கொண்டே போனார்.

ஊர்வலம் புறப்பட்டது. போன்கள் மின்னின. அச்சு வரி போனின் அகலத்துக்கு அடங்கவில்லை. அடங்காத இரண்டொரு வார்த்தை கீழே விழுந்து தனியாக நின்றது. அடுத்த வரியும் அப்படியே. நீளம், துண்டு, நீளம், துண்டு என்று இடிந்த படிக்கட்டு மாதிரி. அதிலும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு படிக்கட்டு, சின்ன எழுத்துக்காரிகளுக்கு வேறு படிக்கட்டு. வரி முடிகிற இடத்தில் மூச்சு வாங்குவது மனித சுபாவம். நாற்பது பேரும் நாற்பது இடத்தில் மூச்சு வாங்கினார்கள். டோலக்குக்காரர் யார் பின்னால் போவதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டார். ரேஷன் கடை முனையில் சங்கரியின் குரல் தட்டுத் தடுமாறி நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் அது நடுவில் நின்றதே இல்லை. யாரோ சிரித்தார்கள். கோயில் கமிட்டிச் செயலாளர் சிவராஜ் சமயோசிதமாக, சாமிக்குப் பின்னால் வந்த வண்டியின் ஸ்பீக்கரில் ஏதோ ஒரு முருகன் பாட்டை அலறவிட்டார். மீதி ஊர்வலம் அந்த அலறலோடு போனது. சங்கரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தாள், வியர்வையைத் துடைக்கிற மாதிரி.

மூன்று நாள் அவள் கணவரிடம் பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள். ஆனால் பாடவில்லை. அதன்பிறகு தறியிலிருந்து தறிச் சத்தம் மட்டும்தான் வந்தது.

நடந்தது இன்னதென்று கைலாசத்துக்கு எடுத்துச் சொன்னவர் பிரவீனா. வாலாஜாபாத்தில் இருந்துகொண்டு மின்னூலகத்தின் கோப்புகளைச் சரிபார்க்கிற கல்லூரி ஆசிரியை. போனில் பேசினார்.

"சார், வரிக்கு வரி என்டர் அடிக்காதீங்க சார். பத்தி முடிஞ்சா மட்டும் அடிங்க."

"அப்ப வரிய யாரும்மா முடிக்கறது?"

"போனே மடிச்சிக்கும் சார். பெரிய போன்னா நீளமா மடிக்கும், சின்ன போன்னா குட்டையா மடிக்கும்."

"மார்ஜின்?"

"அது படிக்கறவங்க கையில சார்."

கைலாசத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனை வைத்ததும் மனைவியிடம் முறையிட்டார். "மாட்டு கையிலயே மூக்கணாங்கயித்த குடுக்கச் சொல்லுது அந்தப் பொண்ணு!"

சங்கரி தறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் நெய்யறனே, கொசுவத்தையும் சேத்தா நெய்யறேன்? நேரா நெய்ஞ்சி எறக்கறேன். கட்டறவ அவ இடுப்புக்குத் தக்கன கொசுவம் வெச்சிக்கறா. நானே கொசுவம் வெச்சி தெச்சிக் குடுத்தா எவ வாங்குவா?"

"புடவ வேற, பொஸ்தகம் வேற."

"ஆமாங்க. கட்டறவளுக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்றாள் சங்கரி.

அடி சரியான இடத்தில் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் அவரே பிரவீனாவைக் கூப்பிட்டு, உன் இஷ்டப்படி செய்யம்மா என்றார். பிரவீனாவிடம் வரிகளை ஒட்டிவிடும் ஒரு குட்டிக் கணினி நிரல் இருந்தது. கைலாசம் பதினோரு வருடம் போட்ட என்டர்களையெல்லாம் அது காபி ஆறுவதற்குள் துடைத்துவிட்டது. மாட்டு வைத்தியமும் துப்பறியும் நாவலும் எந்தப் போனிலும் வழவழவென்று ஓடின. ஆனால் அந்த நிரலுக்குக் கதைக்கும் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நூறு கண்ணியும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டு, மூச்சுவிட இடமில்லாத சுவராகி நின்றன. "பாட்டு மட்டும் வேற சார். அங்க வரிய நாமதான் முடிக்கணும், பாட்டு எங்க நிக்குதோ அங்க. பாத்து முடிச்சி அனுப்புங்க" என்றார் பிரவீனா. கைலாசம் சரியென்று சொன்னார். சொன்னதோடு சரி. அந்தக் கோப்பைத் திறந்தால் ரேஷன் கடை முனை கண்முன் வந்தது. தப்பை நேருக்குநேர் பார்க்க அந்த முதல் வகுப்புக்காரருக்குத் தைரியமில்லை. பதினோரு மாதம் அதை அப்படியே விட்டுவைத்தார்.

அந்தப் பதினோரு மாதமும் அவர் மனுக்களில் பிழை மலிந்தது. தாலுகா அலுவலகத்திலிருந்து இரண்டு மனு திரும்பி வந்தது. கண்ணாடியை மாற்றினார், கீபோர்டை மாற்றினார். விரல்கள் இத்தனை வருடமும் பின்னால் கேட்ட பாட்டின் ஓட்டத்திலேயே ஓடியிருக்கின்றன என்பது அவருக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. காது கொடுத்துக் கேட்காத பாட்டுக்காக அவர் ஏங்கிப்போயிருந்தார். அவருக்கே அது வெட்கமாக இருந்தது.

இந்த வருடம் உத்திரத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சிவராஜ் வீட்டுக்கே வந்தார். "தப்பா நெனச்சிக்காத மாஸ்டர். இந்த தபா ஸ்பீக்கர்தான். பென் டிரைவ்ல போட்டு வுட்டுட்டா மூச்சும் வாங்காது, ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காது. இந்த வருசம் வுட்டுட்டா அப்பால அதான் பழக்கமாயிடும், எனக்கும் தெரியுது. இன்னா பண்றது?"

"சங்கரி?"

"அக்கா சாமிக்கு முன்னாடி நடந்து வரட்டும். மரியாதையா."

அன்று மட்டும் சங்கரியின் தறியில் மூன்று தடவை இழை அறுந்தது.

கைலாசம் அந்தச் சுவர்க் கோப்பைத் திறந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு பன்னிரண்டு எழுத்தாக எண்ணி முடித்துப் பார்த்தார். வார்த்தையின் கழுத்து நறுக்கென்று அறுபட்டது. அர்த்தம் முடிகிற இடத்தில் முடித்துப் பார்த்தார். வரி போனைவிட நீண்டு, பழையபடி படிக்கட்டானது. நாலு மத்தியானம் இப்படிப் போயிற்று. ஐந்தாம் மத்தியானம் நாற்காலியைத் தறிப்பக்கம் திருப்பினார்.

"சங்கரி, ஒரு தபா பாடேன்."

"எதுக்கு? பொஸ்தகத்துல எங்க முடியுதோ அங்க முடிங்க. அதான உங்க சட்டம்?"

"பொஸ்தகம் தப்பா இருக்குது" என்றார். சொன்னபின், செத்துப்போன அச்சுக்காரர்மேல் பழிபோடுவது அவருக்கே மட்டமாகப் பட்டது. "இல்ல. நான்தான் தப்பா அடிச்சிட்டேன். உன்ன நடுத்தெருவுல நிக்க வெச்சிட்டேன்."

ஊடைநூலைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது. சங்கரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து 'தப்பா அடிச்சிட்டேன்' என்ற சொல் வந்ததில்லை. மிதியில் காலை வைத்தாள். நாடா போனது, இழையை நெருக்கிப் பலகை அடித்தது. பாட்டு வந்தது, போன வருடம் ரேஷன் கடை முனையில் நின்றுபோன கண்ணியிலிருந்து.

கைலாசம் திரையைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நாடா மறுகரைக்கு ஓடும் நேரத்துக்கு அவள் பாடினாள். பலகை அடிக்கும்போது மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு தடவையும் அப்படியே. அப்பாதுரை தறியில் உட்கார்ந்து கட்டிய பாட்டு வேறெங்கே மூச்சு வாங்கும்! காதில் விழுந்ததை விரல்கள் அடித்தன. அடுத்த பலகையடியில் கைலாசத்தின் சுண்டுவிரல் என்டரைப் போட்டது, இடதுகை எழும்பித் தள்ளியது.

பன்னிரண்டு கையுனக்குப்
பார்த்துநின்றால் போதுமா
சின்னஇழை முடிபோடச்
சிறுவிரலும் தாராயோ

எந்தப் போனிலும் அடங்கும் வரிகள். மடிய வேண்டிய அவசியமே இல்லாத வரிகள். கைலாசம் கண்ணைத் திறந்து, அடித்ததைப் படித்தார். படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இன்னாடி இது? சாமியவே இந்த வாங்கு வாங்கறான்!"

"இருபத்திரண்டு வருசமா பாடிக்கினு இருக்கறேன்" என்றாள் சங்கரி. "இன்னும் தொண்ணூத்தொம்பது இருக்குது. பேசாம அடிங்க."

புதுக் கோப்பு மறுநாளே வாட்ஸப் குழுவுக்குப் போயிற்று. சிவராஜ் அரைமனதாக ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஸ்பீக்கரும் வண்டியில் ஏறும், பாட்டு முட்டிக்கொண்டால் அந்த நிமிடமே பொத்தானை அமுக்கிவிடுவேன் என்றார். சங்கரி தலையை மட்டும் ஆட்டினாள்.

உத்திரத்தன்று மாலை கந்தன் தெருச்சுற்றக் கிளம்பினார். முதல் கண்ணிகள் பரவாயில்லாமல் போயின. ஆளுக்காள் பயந்து பயந்து, வாய்க்குள்ளேயே பாடினார்கள். ரேஷன் கடை முனை வந்தது. பாதிப் பேர் போனைப் பார்க்காமல் சங்கரியின் முகத்தைப் பார்த்தார்கள். சிவராஜின் விரல் பொத்தானுக்கு மேலே தயாராக இருந்தது. சங்கரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எடுத்தாள், "பன்னிரண்டு கையுனக்கு".

ஓரமாக ஆண்கள் கூட்டத்தோடு வந்த கைலாசத்துக்குக் காதுக்குள் மணி அடித்தது. இடதுகை தானாக எழும்பித் தள்ளியது. பக்கத்தில் வந்தவர் தலையைக் குனிந்து தப்பித்தார். அங்கே நாற்பது பேரும் ஒரே இடத்தில் நின்று, ஒரே மூச்சாக வாங்கினார்கள். பெரிய எழுத்துக்காரிகளும் வாங்கினார்கள், சின்ன எழுத்துக்காரிகளும் வாங்கினார்கள். டோலக்கு அந்த இடத்தில் ஓர் அடி போட்டது. "பார்த்துநின்றால் போதுமா" என்று தெருவே கந்தனைக் கேட்டது. சிவராஜின் விரல் பொத்தானைவிட்டு நகர்ந்து, தாளம் போடத் தொடங்கியது.

கண்ணி முடிந்தபோது கை மறுபடி எழும்பியது. அந்தச் சமயம் பார்த்து சங்கரி திரும்பினாள். கைலாசத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையைக் காற்றிலேயே பாதியில் நிறுத்திக்கொண்டார். சங்கரி அடுத்த வரியை எடுக்கவில்லை. நாற்பது போனும் காத்திருந்தன. டோலக்குக்காரர் காத்திருந்தார். ஆள்தோளில் ஆடிக்கொண்டு பன்னிரண்டு கைக்காரரும் காத்திருந்தார். அவள் அந்தக் கையையே பார்த்தபடி, மோவாயால் ஒரு சாடை காட்டினாள்.

கைலாசம் கேரேஜைத் தள்ளினார்.